போடு என்றுதான் கேட்டது

படுக்கை விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. நாலு முனைக்கு நாலு கை வேண்டும். எதிரும் புதிருமாக நின்று இழுத்து, ஒரு உதறு உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி பின்னால் போய் மடிப்பை நீவ வேண்டும். அந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்புக்குக் குறையாது. பதினேழு வருஷமாக அதையே செய்து அவளுக்கு மடிப்பக்கா என்றே பேர் நிலைத்துவிட்டது. மேலே இருக்கிற டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

விரிப்பைப் பார்த்தே எந்த வார்டு என்று சொல்லிவிடுவாள். பிரசவ வார்டு, எலும்பு வார்டு, குழந்தைகள் வார்டு எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கறை, தனித்தனி வாடை. வெளுத்து, ஆவியில் அழுத்தி, கை சுடச் சுட வந்த பிறகும் அவள் மூக்குக்குத் தெரியும். இரண்டாம் மாடியின் கோடியில் இருக்கிற மனநல ஆலோசனை அறையிலிருந்து மட்டும் ஒரு துணியும் கீழே வராது.

"அது என்ன வைத்தியமோ, ஒரு துணிகூட அழுக்காகாம" என்று அவள்தான் முதலில் கிண்டல் பண்ணியவள்.

அவளோடு எதிரே நின்று மடிக்கிறவளுக்குக் கண்ணாடி என்று பேர். சோடாப்புட்டிக் கண்ணாடி. ஆவியில் அது மங்கிப் போகும்போதெல்லாம் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொள்வாள். அன்றைக்கும் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்னக்கா, இன்னிக்கும் அவரு தூங்கலையா?"

"தூங்கினா எனக்கு ஏன் கண்ணு இப்படி இருக்கு? கட்டில் ஓரத்துல ஷூவை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. வேலைக்குப் போற ஆளாட்டம். எங்க போறீங்கன்னா, எங்கயும் இல்லங்கிறாரு."

"எட்டு மாசம் ஆச்சேக்கா."

"நாள் ஆக ஆக ஆறும்னாங்க. எல்லாரும்தான் சொன்னாங்க. இங்க நாள் ஆக ஆக ஊறிக்கிட்டே போகுது."

கண்ணாடி விரிப்பை இழுத்துப் பிடித்தபடி நின்றாள். "மாடிக்குக் கூட்டிட்டுப் போ. அந்தக் கோடி ரூமுக்கு. நான் போயிருக்கேன்."

"நீயா?"

"என் மக தவறிப்போனப்புறம். பதினாலு வாரம். உன்கிட்ட சொல்லல. நீ துணி அழுக்காகலைன்னு சிரிச்சிட்டிருந்த."

மடிப்பக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நல்ல வேளையாக நடந்து போய் முனை சேர்க்க வேண்டிய முறை வந்தது. கிட்டே போனவள், "மன்னிச்சுக்கடி" என்றாள். "மடி, மடி" என்றாள் கண்ணாடி.

மடிப்பக்காவின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷம் ஒரே கம்பெனி. அதில் பன்னிரண்டு வருஷம் ஒரே கூட்டாளி. சுருட்டை முடி என்பதால் சுருட்டை. ஒருத்தன் மேலே மிஷின் அறையில் நின்றால் ஒருத்தன் கீழே பள்ளத்தில் இறங்குவான். ஒருத்தன் டீ வாங்கினால் அது இரண்டு பேருக்கும்தான். வாய்க்கு வாய் 'போடா' என்றுதான் பேச்சு. சுருட்டையின் பெண்டாட்டி இவரை அண்ணே என்பாள், மடிப்பக்காவை அண்ணி என்பாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே நாலு தெரு.

எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு ஏழுமாடிக் கட்டிடத்தில் வேலை. மெக்கானிக் மேலே கரண்டை நிறுத்திவிட்டு நின்றார். சுருட்டை கீழே பள்ளத்தில் இறங்கித் துடைத்துக்கொண்டிருந்தான். பேசிக்கொள்கிற கருவியில் அன்றைக்கு சார்ஜ் இல்லை. கூப்பிட்டால் கேட்கும் என்று விட்டுவிட்டார்கள். அதற்கு முன்னாலும் அப்படி எத்தனையோ தடவை செய்ததுதான். கீழேயிருந்து சத்தம் வந்தது. இவர் மெயின் சுவிட்சைப் போட்டார். கீழ்த்தளத்தில் யாரோ ஒரு அம்மாள் பொத்தானை அமுக்கியிருந்தாள். லிஃப்ட் இறங்கியது. சுருட்டை இன்னும் ஏறி வந்திருக்கவில்லை.

விசாரணை நடந்தது. பள்ளத்தில் இருக்கிற சிவப்பு ஸ்டாப் சுவிட்சை சுருட்டை அமுக்கவில்லை, தவறு அவனுடையது என்று எழுதினார்கள். "நீங்க என்ன கேட்டீங்க?" என்றதற்கு, "'போடு'ன்னு கேட்டுச்சு. போட்டேன்" என்றார் இவர். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் கருவிப் பையைத் தொடவில்லை.

முதல் வியாழக்கிழமை அவரைப் படிக்கட்டு வழியாகத்தான் ஏற்றிக் கூட்டிப் போனாள். கோடி அறையில் பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று நாற்காலி, ஒரு மேசை, கசக்காத பேப்பர் கைக்குட்டைப் பெட்டி, ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி. ஆலோசகர் அம்மாளுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்திருந்தது. முதல் மணி நேரம் மூன்று பேருமாக உட்கார்ந்தார்கள். கேட்டதற்கெல்லாம் மடிப்பக்காதான் பதில் சொன்னாள்.

"மேடம், இதுக்கு மாத்திரை இருக்குமா? ஊசி?"

"தேவைப்பட்டா டாக்டரைப் பாக்கலாம். இங்க நாம பேசுவோம்."

"பேசறதுதானா? பேச்சுன்னா நான் வீட்டுலயே பேசிட்டுத்தானே இருக்கேன்."

ஆலோசகர் அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள். "நீங்க பேசினா அவரு உங்களுக்காக பதில் சொல்லணும். நீங்க பயந்துடக் கூடாதேன்னு பாத்துப் பாத்து சொல்லணும். என்கிட்ட அந்தக் கவலை வேண்டாம். நான் அவருக்கு யாரும் இல்ல. அதுதான் இதுல இருக்கற வசதி."

"எத்தனை நாள்ல சரியாகும்?"

"தெரியாது. வாரத்துக்கு ஒருதடவை, அம்பது நிமிஷம். முதல்ல ஒரு பத்து வாரம்னு வச்சுப்போம். இங்க சொல்றது வெளிய போகாது. உங்ககிட்டகூட நான் சொல்ல மாட்டேன். அவரு உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் சொல்லுவேன். அதை அவருக்கும் இப்பவே சொல்லிடறேன்."

மெக்கானிக் தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் வாரம் அவரை மட்டும் உள்ளே விட்டுவிட்டு மடிப்பக்கா கீழே வேலைக்கு ஓடினாள். திரும்பி வந்து, "என்ன பேசினீங்க?" என்றாள். "ஒண்ணும் பேசல" என்றார். "அம்பது நிமிஷமுமா?" "அவங்களும் பேசல. சும்மா இருந்தாங்க." மூன்றாம் வாரமும் அதே கதை. நாலாம் வாரம் வெளியே வந்தவரின் கண்கள் கலங்கியிருந்தன. அன்றைக்கு, "என்ன பேசினீங்க?" என்றபோது அவர் படிக்கட்டில் இறங்கத் தொடங்கிவிட்டார். இருபது வருஷம் பக்கத்தில் படுத்தவள் எனக்குச் சொல்லாததை, யாரோ மூக்கு சிவந்த பொம்பளைக்குச் சொல்கிறாரே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. வெட்கமாகவும் இருந்தது. மனுஷன் பேசினால் போதும் என்று அழுததும் இவள்தானே.

ஆறாம் வாரம் அவர் வரமாட்டேன் என்றுவிட்டார். "போனா ரெண்டு நாள் ஜுரம் வந்த மாதிரி இருக்கு. கிளறிவிட்டுடறாங்க."

அவளும் வற்புறுத்தவில்லை. உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்கூட. பிறகு நினைத்து நினைத்து நொந்துகொண்டது அதைத்தான்.

மழை பிடித்துக்கொண்டது. காய வைத்தது காயாமல் வீடு முழுக்க ஈரத்துணி வாடை. ஒருநாள் பார்த்தால் மெக்கானிக் குளித்து, முகம் மழித்து, உற்சாகமாக இருந்தார். கருவிப் பையை எதிர்வீட்டு பிளம்பருக்குக் கொடுத்துவிட்டிருந்தார். கைக்கடிகாரத்தைத் துடைத்து அவள் முன்னால் வைத்து, "இது உனக்கு இருக்கட்டும்" என்றார். அலமாரியைத் திறந்து எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். தெளிந்துவிட்டார் என்று அவள் சந்தோஷமாகத்தான் வேலைக்கு வந்தாள். விரிப்பை உதறிக்கொண்டே கண்ணாடியிடம் சொன்னாள்.

கண்ணாடி முனைகளை விட்டுவிட்டாள். விரிப்பு தரையில் விழுந்தது.

"அக்கா, மேடத்துக்கு போன் போடு. இப்பவே."

கொதிகலன் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு அவள் பேசினாள். ஆலோசகர் அம்மாள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "வீட்டுக்குப் போய் அவர்கிட்ட நேரா கேளுங்க. சாகணும்னு தோணுதான்னு கேளுங்க" என்றாள்.

"ஐயோ, நானே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடாதா?"

"ஆகாது. கேக்கறதால அந்த நினைப்பு வர்றதில்ல. யாரும் கேக்காததாலதான் அது தனியா வளருது. வாதாடாதீங்க, சத்தியம் வாங்காதீங்க. ஆமான்னா தனியா விடாம கூட்டிட்டு வந்துடுங்க. நான் இங்கதான் இருப்பேன். யாரையாவது துணைக்குக் கூட்டிட்டுப் போங்க."

கண்ணாடியும் கூடவே வந்து வாசலில் குடையோடு நின்றாள். மெக்கானிக் சமையலறையில் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார், அவளுக்காகத்தான். ரொட்டியும் எடுத்து வைத்திருந்தது.

"என்ன சீக்கிரம் வந்துட்ட?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் எதிரில் உட்கார்ந்தாள். "ஏங்க. சாகணும்னு தோணுதா உங்களுக்கு?"

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"தோணுது."

ஜன்னல் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. "எப்பலேருந்து?" என்றாள்.

"முதல்ல எப்பவாவது. இப்ப நாள் முழுக்க."

"இன்னிக்கா?"

அவர் தட்டில் கிடந்த முட்டை ஓட்டைக் கட்டைவிரலால் ஒதுக்கினார். "நாளைக்கு. நீ வேலைக்குப் போனப்புறம்."

அவளுக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, காலைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. "எந்திரிங்க, போலாம்" என்றாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. சொன்னபடி எழுந்தார். அப்படி உடனே எழுந்ததுதான் அவளை உடைத்துவிட்டது. கேட்பதற்காகத்தான் காத்திருந்தாரா மனுஷன்? இத்தனை மாசமும்?

பதினோரு நாள் மனநல வார்டில் வைத்துக்கொண்டார்கள். டாக்டர் மாத்திரை ஆரம்பித்தார். பிடிக்க மூன்று நாலு வாரம் ஆகும், அதுவரை கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும் என்றார். ஆலோசகர் அம்மாள் அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுத வைத்தாள். எண்ணம் வரப்போவது முதலில் எப்படித் தெரியும், அப்போது எங்கே போய் நிற்பது, யாரைக் கூப்பிடுவது, வீட்டிலிருந்து எதை எதை அப்புறப்படுத்துவது. கூப்பிட வேண்டிய பேர்களில் முதல் இடத்தில் 'சுருட்டை' என்று எழுதி அடித்துவிட்டு, 'வீட்டுக்காரி' என்று எழுதியிருந்தார்.

கீழே சலவைக்கூடத்துக்கு அந்த வார்டின் விரிப்புகளும் வந்தன. மடிப்பக்கா முதல்தடவையாக ஒரு வார்டின் துணியை அடையாளம் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அதில் கறையும் இல்லை, வாடையும் இல்லை. எல்லாமே கசங்கியிருந்தன, அவ்வளவுதான். இதில் எது அவருடையது? மடித்து அடுக்கும்போது ஒவ்வொன்றையும் இரண்டுதரம் நீவினாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாவது நாள் காலையில் அவராகவே சொன்னார். அவள் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் விசாரணையில சொன்னது பொய்யில்ல. ஆனா உண்மைன்னும் சொல்ல முடியாது."

அவள் திரும்பினாள்.

"'போடு'ன்னுதான் கேட்டுச்சு எனக்கு. ஆனா அந்த லிஃப்ட் பள்ளத்துல எதிரொலிக்கும். 'போடா'ன்னு இருந்திருக்கலாம். 'போடா'ன்னு சொல்லிட்டு, அப்புறம் ஒரு எழுத்து சேத்து 'போடாத'ன்னு இருந்திருக்கலாம். அந்தக் கடைசி எழுத்து வந்துச்சா வரலையான்னு... பத்து மாசமா அதையேதான் கேட்டுட்டிருக்கேன். ஒரு நாளைக்கு ஆயிரந்தடவை. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு கேக்குது."

ரொட்டி கருகியது. அவள் அடுப்பை அணைத்தாள். வாயில் வந்ததெல்லாம் பழைய பேச்சுதான்: உங்க தப்பு இல்லீங்க, விதி, விட்டுத் தள்ளுங்க. அதையெல்லாம் விழுங்கிவிட்டு, "மேடத்துகிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"நாலாவது வாரமே சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. 'அந்தக் கடைசி எழுத்து கடைசிவரைக்கும் தெரியாமலே போயிடலாம், இல்லையா'ன்னு கேட்டாங்க. அன்னிக்கு அவங்களைக் கொன்னுடலாம் போல இருந்துச்சு. ஆனா மத்தவங்கள்லாம் என் தப்பு இல்லன்னாங்க. அவங்க ஒருத்தங்கதான் தெரியாதுன்னாங்க."

மழை விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "சுருட்டை வீட்டுக்குப் போகணும்" என்றார். மேடத்திடம் கேட்டீர்களா என்றாள். "கேட்டேன். போங்கன்னும் சொல்லல, போகாதீங்கன்னும் சொல்லல. அந்தப் பொண்ணு என்ன சொன்னா எனக்கு ஆறும்னு கேட்டாங்க. எனக்கு பதில் தெரியல. பதில் தெரியறவரைக்கும் தள்ளிப் போடலாமேன்னாங்க." அவரால் தள்ளிப் போட முடியவில்லை.

நாலு தெருவும் நடந்தே போனார்கள். சுருட்டையின் பெண்டாட்டி கதவைத் திறந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ப்ளீச்சிங் பவுடரில் விரல் நுனியெல்லாம் உரிந்திருந்தது. "வாங்கண்ணே, வாங்கண்ணி" என்று இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இவர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். முழுசாக, ஒரு எழுத்து விடாமல்.

அவள் கேட்டு முடித்தாள். விரல் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, அவரு தப்பா சொல்லிட்டாருங்கறீங்களா? இல்ல, நீங்க தப்பா கேட்டுட்டேங்கறீங்களா?"

"தெரியலம்மா."

"தெரியலன்னா?"

"தெரியவே தெரியலம்மா."

"தெரியாததை எதுக்குண்ணே என்கிட்ட கொண்டாந்தீங்க?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. "சுவிட்ச அமுக்காம விட்டது அவரு தப்புன்னு எழுதிட்டாங்க. பாழாப்போன மனுஷன், எதுலயும் அவசரம்னு நான் அவரைத் திட்டிக்கிட்டே பத்து மாசத்த ஓட்டிட்டேன். இனிமே அவரையும் முழுசா திட்ட முடியாது. உங்களையும் முழுசா திட்ட முடியாது. நான் எங்கண்ணே போவேன்?"

மடிப்பக்கா அவள் கையைப் பிடிக்கப் போனாள். "வேணாம் அண்ணி. தண்ணியக் குடிச்சிட்டுக் கிளம்புங்க."

வரும் வழியெல்லாம் மெக்கானிக் தெருவை அளந்துகொண்டே நடந்தார். அந்த வாரம் மடிப்பக்கா வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே இருந்தாள். அடுப்பங்கரை கத்தியைக்கூடக் கண்ணாடி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். வியாழக்கிழமை அவரோடு தானும் உள்ளே வருவேன் என்று அடம்பிடித்து நுழைந்தாள்.

"பேசுங்க பேசுங்கன்னு பேச வச்சீங்களே மேடம், என்ன ஆச்சு பாத்தீங்களா? இவருக்கும் ஆறல. அந்தப் பொண்ணும் நாசமாப் போச்சு. ரெண்டு வீடும் பாழாகற மாதிரி ஒரு வைத்தியமா இது?"

ஆலோசகர் அம்மாள் தன் கட்சிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அவங்களுக்கு ரொம்ப வலிச்சிருக்கும். அது நடக்கலாம்னு நான் இன்னும் தெளிவா சொல்லியிருக்கணும். அது என் குறை" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க அங்க என்ன எதிர்பாத்துப் போனீங்க? இப்ப தெரியுதா?"

"அவ என்னை அடிப்பான்னு நினைச்சேன்."

"அடிச்சிருந்தா?"

"முடிஞ்சிருக்கும்."

"இப்ப?"

"முடியல. முடியாது போலிருக்கு. அவன் இல்லாம போனதை நான் இன்னும் அழவே இல்லையே மேடம். அவன் என்ன சொன்னான்னே கேட்டுட்டிருந்துட்டேன். அவன் செத்தே போயிட்டான்."

அப்புறம் வந்த சத்தத்தை மடிப்பக்கா அதற்கு முன் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் தன் அம்மா செத்தபோதுகூட அவர் இப்படி அழவில்லை. அவள் பாய்ந்து போய் வாயைப் பொத்தி, போதும் போதும் என்று சொல்லியிருப்பாள். ஆலோசகர் அம்மாள் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவளும் உட்கார்ந்துகொண்டாள். அதைவிடக் கஷ்டமான வேலையை அவள் எந்தச் சலவைக்கூடத்திலும் செய்ததில்லை.

அதன் பிறகு அவர் சரியாகிவிட்டார் என்று சொல்ல முடியாது. லிஃப்ட் வேலைக்குத் திரும்பவில்லை. ஒரு டயர் கடையில் காவலுக்கு உட்கார்ந்தார். மாத்திரையால் உடம்பு பெருத்தது. நல்ல நாள் என்று ஒன்று வந்தால் அடுத்து மூன்று நாள் கட்டில் ஓரத்தில் கழியும். இரண்டு தடவை அந்தத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு நடு வேலையில் அவளுக்குப் போன் பண்ணினார். "வந்துடுச்சு" என்று ஒரே வார்த்தை. இரண்டு தடவையும் அவள் விரிப்பைப் போட்டது போட்டபடி ஓடினாள். வியாழக்கிழமை மட்டும் தவறாமல் போனார். போய் என்ன பேசினார் என்று அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

சுருட்டையின் பெண்டாட்டி வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அவளை யாரும் குறை சொல்லவில்லை.

வெயில் ஏறின ஒரு பிற்பகல். ஆஸ்பத்திரி வாசல் பஸ் நிறுத்தத்தில் மடிப்பக்கா நின்றிருந்தாள். பக்கத்தில் வந்து நின்றது யார் என்று பார்த்தால் சுருட்டையின் பெண்டாட்டி. ஆளே பாதியாகியிருந்தாள். கை விரல்களில் மருந்துத் துணி சுற்றியிருந்தது. ரோட்டைப் பார்த்தபடி, திரும்பாமலே கேட்டாள்.

"அண்ணன் போறாராமே. அந்த ரூம் எங்க இருக்கு?"

"இதே ஆஸ்பத்திரிதான். ரெண்டாவது மாடி, கோடி. அவரு பாக்கற மேடம் வேணாம்னாலும் வேற ஆள் இருக்காங்க. உனக்கு வேற ஆளா கேட்டுக்கலாம்."

"எனக்குன்னு யார் சொன்னா?"

பஸ் ஒன்று வந்து, இரண்டு பேருக்கும் ஆகாத பஸ், போனது.

"அங்க போனா அழச் சொல்லுவாங்களா, அண்ணி?"

"சொல்ல மாட்டாங்க."

"அப்புறம்?"

"அழுதா, நிறுத்தச் சொல்ல மாட்டாங்க."

சுருட்டையின் பெண்டாட்டி ஏற வேண்டிய பஸ் வந்தது, கூட்டம் முண்டியடித்தது. எல்லாரும் ஏறி முடிந்தும் அவள் நிறுத்தத்திலேயே நின்றாள். கண்டக்டர் "வர்றியாம்மா, இல்லையா?" என்று சலித்துக்கொண்டு மணியடித்தான். பஸ் நகர்ந்தது. மருந்துத் துணி சுற்றிய விரல்களால் புடவை முனையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் எந்த ஜன்னல் என்று தெரியாமல், வரிசையாக ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.